12 கீ, 22 சென்ற்: சிந்தசைசரில் சுருதி அட்டவணை அமைப்பது

சுருதிப்பெட்டியை 1 கட்டையில் (மேற்கத்தேய C) பாடவிட்டு, சிந்தசைசரில் கலப்பில்லாத ஓகன் சத்தம் ஒன்றை எடுத்து, அந்தர காந்தாரத்தை மட்டும் அமத்திப் பிடியுங்கள். சத்தம் நேராக நிற்காது, படபடவென்று நடுங்கும். உயர்தரப் பௌதிகத்தில் வரும் அடிப்புத்தான் இது. நடு ஸ்தாயி ஷட்ஜம் 261.63 ஹேர்ட்ஸ், அதற்குள் ஒலிக்கும் 5 மடங்கு மேற்சுரம் 1308.1. ஓகனின் காந்தாரம் 329.63 ஹேர்ட்ஸ், அதன் 4 மடங்கு மேற்சுரம் 1318.5. ஒரே இடத்தில் விழவேண்டிய இரண்டும் 10 ஹேர்ட்ஸ் விலகி விழுகின்றன, அதனால் செக்கனுக்குப் பத்து அடிப்பு. காந்தாரத்தை 13.7 சென்ற் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) இறக்கிவிட்டால் நடுக்கம் அடங்கிவிடும். பஞ்சமத்தில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. அங்கே குறைவு வெறும் 2 சென்ற், அடிப்பு செக்கனுக்கு ஒன்றுகூட இல்லை.

ஒரு ஸ்தாயி 1200 சென்ற். ஓகன் அதை 12 சம பங்காக வெட்டி ஒவ்வொரு கீக்கும் 100 கொடுக்கிறது. அந்தப் பங்கீட்டை மாற்றி எழுதுகிற வசதி பல சிந்தசைசர்களில் மெனுவுக்குள் கிடக்கிறது. ஸ்கேல் ரியூன், மைக்ரோ ரியூனிங், யூசர் ஸ்கேல் என்று கொம்பனிக்கொரு பெயர். அதைத் திறந்து எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் ஆட்கள் வழி தவறுகிறார்கள்.

பெரும்பாலானோர் முதலில் தேடுவது "22 சுருதி அட்டவணை". தேடினால் கிடைக்கும், ஆனால் 12 கீக்குள் 22 சுருதியை அடைக்க முடியாது. அப்படி அடைக்கவும் தேவையில்லை. அந்த 22 எப்படி வருகிறது என்று பார்த்தால் வேலை சுருங்கிவிடும். ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் ஒவ்வோர் இடம், மற்றப் பத்துச் சுரத்தானங்களுக்கும் இரண்டிரண்டு இடம், ஆக 22. ஒவ்வொரு சோடிக்கும் இடையிலுள்ள தூரம் ஒன்றேதான்: 81/80 என்ற விகிதம், 21.5 சென்ற். ஆகவே பத்துக் கீயிலும் நீங்கள் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றுதான்: இந்த ராகத்துக்கு மேலிடமா, கீழிடமா?

சம பங்கீட்டிலிருந்து எவ்வளவு ஏற்ற, எவ்வளவு இறக்க என்பதை முழுச் சென்றில் தருகிறோம். ஷட்ஜம் 0, பஞ்சமம் +2. இந்த இரண்டையும் பிறகு தொடவே வேண்டாம். மற்றவை, ஷட்ஜத்துக்கு அடுத்த கீயிலிருந்து வரிசையாக (க3 என்பது மேலே சொன்ன அந்தர காந்தாரம்):

ரி1: +12 அல்லது −10
ரி2: +4 அல்லது −18
க2: +16 அல்லது −6
க3: −14 அல்லது +8
ம1: −2 அல்லது +20
ம2: −10 அல்லது +12
த1: +14 அல்லது −8
த2: −16 அல்லது +6
நி2: +18 அல்லது −4
நி3: −12 அல்லது +10

ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 22 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். நடைமுறையில் ரி2 இன் −18 உம் ம1 இன் +20 உம் அபூர்வமாகத்தான் தேவைப்படும். சுருதிப்பெட்டியோடு வைத்துக் கேட்டால் +4 உம் −2 உம் அசையாமல் நிற்கும்.

தொடங்குவதற்கு மாயாமாளவகௌளையைப் போல நல்ல ராகம் இல்லை. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலை வளாகத்தில் படிப்பவரானாலும் வீட்டில் ரீச்சரிடம் படிப்பவரானாலும் சரளி வரிசையில் பிடிக்கிற முதல் ராகம் என்பதால் மட்டுமல்ல, கணக்கும் அங்கே வழுவின்றி வருகிறது. ரி1 +12, க3 −14, ம1 −2, ப +2, த1 +14, நி3 −12. ரி1 இலிருந்து த1 வரை 702 சென்ற், க3 இலிருந்து நி3 வரை 702 சென்ற், ஷட்ஜத்திலிருந்து பஞ்சமம் வரையும் 702. மூன்றும் அசல் ஐந்தாம் சுர உறவு. ம1 இலிருந்து மேல் ஷட்ஜமும் அப்படியே. ஐந்தாம் உறவில் வரும் எந்தச் சோடியும் பிணங்காத அட்டவணை இது. உங்கள் இயந்திரம் எண்ணைச் சரியாக வாங்குகிறதா, செவிக்கு வித்தியாசம் பிடிபடுகிறதா என்று சோதிக்க இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

சங்கராபரணத்துக்குப் போனவுடன் முதல் சிக்கல் த2 இல் வரும். −16 இல் வைத்தால் க3 உடன் அழகாகப் பொருந்தும், சுருதிப்பெட்டியின் மேலும் அமைதியாக நிற்கும். ஆனால் ரி2 இலிருந்து த2 வரை 680 சென்றாகச் சுருங்கிவிடும். அந்த இரண்டையும் சேர்த்து அமத்தினால் காது கூசும். +6 இல் வைத்தால் ரி–த உறவு சீராகும், க–த உறவு கெடும். மோகனத்திலும் கல்யாணியிலும் இதே கதைதான். எங்கள் தீர்ப்பு இது: சுருதிப்பெட்டிக்கு மேல் தனிச் சுரமாக வாசிக்கிறவர் −16 ஐ எடுக்கலாம். இடது கையில் ரி2 ஐ அடிச்சுரமாகப் பிடித்து மேலே த2 வாசிக்கும் பழக்கமிருந்தால் +6. இரண்டுக்கும் நடுவே −5 வைப்போம் என்று சமாதானம் பேசினால் இரண்டு பக்கமும் அடிப்புக் கேட்கும். கல்யாணியில் ம2 ஐ −10 இல் வையுங்கள், நி3 இன் −12 உடன் அது சரியாகச் சோடி சேரும்.

நி2 ஐத் தீர்மானிப்பது பக்கத்துச் சுரங்கள்தான். ஹரிகாம்போஜியில் க2 கிடையாது, ம1 உடன்தான் உறவு. ஆகவே −4. கரகரப்ரியாவில் க2 ஐ +16 இல் வைத்தால் நி2 +18 ஐக் கேட்கும், ம1 ஓ −4 ஐக் கேட்கும். க2 ஐயும் −6 க்கு இறக்கி, நி2 ஐ −4 இல் வைத்தால் எல்லாம் ஒரே குடும்பமாகிவிடும். சிலருக்கு அந்த இறங்கிய காந்தாரம் சோகமாகப் படும். கேட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

தோடிக்கு அட்டவணை போட்டு மினக்கெட வேண்டாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நின்றால்தானே அதற்கு எண் கொடுக்கலாம்! அங்கே வேலை முழுவதும் கமகத்தில் இருக்கிறது. ஷட்ஜம், பஞ்சமம், ம1 மூன்றையும் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடலாம். விவாதி மேளங்களில் மட்டும் கவனம் தேவை. ரி3 உம் க2 உம் ஒரே கீ, த3 உம் நி2 உம் ஒரே கீ. கரகரப்ரியாவுக்கு எழுதிய அட்டவணையில் சலநாட்டை வாசித்தால் ரி3 வேறிடத்தில் நிற்கும். அதற்குத் தனி அட்டவணை வேண்டும்.

எண்ணைப் போடுமுன் சத்தத்தைச் சுத்தம் செய்யுங்கள். கோரஸ், ரிவேர்ப், வைப்ரேற்றோ எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஓசிலேற்றர் (சத்தம் பிறக்கும் பகுதி) இரண்டு இருந்தால் ஒன்றை மூடுங்கள். அவை இரண்டும் சற்று விலகி நின்று தாங்களே அடிப்பை உண்டாக்கும், பிறகு எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. பியானோ சத்தத்தில் ரியூனிங் பார்க்கவே கூடாது. அதன் மாதிரிகளுக்குள் ஏற்கெனவே அடிப்பு இருக்கும், மேல் ஸ்தாயி வேண்டுமென்றே சற்று உயர்த்தப்பட்டிருக்கும். வாள்பல் அலை அல்லது ஓகன், மேற்சுரங்கள் நன்றாகக் கேட்கும்படி பில்ற்றரைத் திறந்து வைத்தால் போதும். அனலொக் இயந்திரமென்றால் போட்டு அரை மணித்தியாலம் சூடேற விடுங்கள். சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் அரை மணித்தியாலமும் போதாது. அனலொக்கில் இரண்டாம் தசமத்தானம் வரை எண்ணைத் துல்லியமாக்குவது வீண் வேலை, ஓசிலேற்றர் தானே அதைவிடக் கூடுதலாக நகரும்.

வரிசை முக்கியம். முதலில் மாஸ்ரர் ரியூன், அதாவது எல்லாக் கீயையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் அமைப்பு. ஷட்ஜத்தை மட்டும் அமத்தி, சுருதிப்பெட்டியோடு அடிப்பு இல்லாமல் போகும்வரை மாஸ்ரர் ரியூனைத் திருப்புங்கள். அதன்பிறகே அட்டவணை. அட்டவணையில் ஷட்ஜம் எப்போதும் 0 ஆகவே இருக்கட்டும். பெட்டி 8 சென்ற் கூட நிற்கிறது என்று எல்லாக் கீக்கும் 8 ஐக் கூட்டி எழுதுபவர்கள் உண்டு. அடுத்த மேடையில் பெட்டி மாறியதும் பன்னிரண்டையும் திருப்பி எழுத வேண்டி வரும்.

நாதஸ்வரத்தோடு சேர்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். குழலுக்குள் இருக்கும் காற்றுச் சூடேறினால் ஒலி வேகம் கூடும், சுருதி ஏறும். கணக்குப்படி 1 பாகை செல்சியசுக்குச் சுமார் 3 சென்ற், 5 பாகைக்கு 15 சென்ற். மாலையில் தொடங்கிய மேளம் நள்ளிரவில் அதே இடத்தில் நிற்காது. அளவெட்டி, இணுவில் பக்கத்து மேளக்காரர் சீவாளியை மாற்றியும் உதட்டை இறுக்கியும் தங்களுக்குள் சரிசெய்துகொள்வார்கள். சிந்தசைசருக்கு உதடு இல்லை, மாஸ்ரர் ரியூன் ஒன்றுதான் இருக்கிறது. அதை இரண்டு அமத்தலில் எட்டக்கூடிய இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கட்டை மாறும்போது வரும் கூத்து. மேலே தந்த எண்கள் ஷட்ஜத்திலிருந்து எண்ணப்பட்டவை. 2½ கட்டையில் வாசிக்கிறீர்கள் என்றால் அட்டவணையின் தொடக்கக் கீயையும் 2½ க்கு மாற்ற வேண்டும். ஸ்கேல் கீ, பேஸ் நோட், ரூட் என்ற பெயர்களில் அது இருக்கும். இல்லாவிட்டால் பன்னிரண்டு எண்ணையும் கையால் நகர்த்த வேண்டும். அட்டவணை 1 கட்டைக் கீயிலிருந்து எழுதப்பட்டிருந்தால், மூன்று கீ மேலே உள்ள 2½ க்குக் கடைசி மூன்று எண்ணையும் தூக்கி முன்னால் வைத்தால் சரி.

இல்லை, நான் 1 கட்டையிலேயே வாசித்து ரான்ஸ்போஸ் +3 போட்டு மூன்று கீ ஏற்றுகிறேன் என்றால், உங்கள் இயந்திரம் ரான்ஸ்போஸை எங்கே செய்கிறது என்று அறிந்திருக்க வேண்டும். சோதனை எளிது. க3 இன் கீயை மட்டும் −50 ஆக்குங்கள், காது கேளாதவருக்கும் தெரியும் அளவு பிழை. பிறகு ரான்ஸ்போஸ் +3. இப்போதும் அதே க3 கீதான் பிழையாகக் கேட்கிறது என்றால் அட்டவணை கீயோடு ஒட்டியிருக்கிறது. நீங்கள் 1 கட்டை விரலிலேயே வாசிக்கலாம். அதற்கு மூன்று கீ கீழே உள்ள ரி1 கீ பிழையாகக் கேட்டால் அட்டவணை வெளிவரும் சுருதியோடு ஒட்டியிருக்கிறது. அப்போது ரான்ஸ்போஸ் போட்டாலும் தொடக்கக் கீயை மாற்றத்தான் வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் மேடைக்குப் போனவரின் ஓகன், ரியூன் பண்ணாததைவிட மோசமாகக் கேட்கும். காந்தாரத்துக்கு வைத்த −14 வேறொரு சுரத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

மெனுவில் குனிந்திருக்க விருப்பமில்லாதவர்கள் அட்டவணையைக் கணினியிலிருந்து மிடி (இசை இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை) வழியாக அனுப்பலாம். மிடி ரியூனிங் தரமுறை 1992 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் பின்னர் சேர்க்கப்பட்ட ஸ்தாயிக்கான குறுஞ்செய்தி 21 பைற் மட்டுமே. தசம எண்ணில் இப்படி இருக்கும்:

240 127 127 8 8 3 127 127, பிறகு 12 கீக்கும் 12 எண், கடைசியில் 247.

ஒவ்வொரு கீயின் எண்ணும் 64 உடன் சென்றைக் கூட்டியது. 64 என்றால் மாற்றமில்லை, 0 என்றால் −64 சென்ற், 127 என்றால் +63. மேலே தந்த பட்டியலின் முதல் தெரிவுகளை 1 கட்டைக்கு எழுதினால் 64 76 68 80 50 62 54 66 78 48 82 52. இதையே 2½ கட்டைக்கு நகர்த்தினால் 48 82 52 64 76 68 80 50 62 54 66 78. இரண்டாவது பைற் 127 ஆக இருந்தால் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரமும் அந்தக் கணமே மாறும், 126 என்றால் அடுத்த அமத்தலிலிருந்து மாறும். மேடையில் 126 பாதுகாப்பு. '3 127 127' என்பது பதினாறு சனல்களையும் குறிக்கிறது. தாளவாத்தியம் ஓடும் 10ஆம் சனலை விலக்க வேண்டுமென்றால் '3 123 127'.

மிடி கேபிளில் செக்கனுக்கு 3125 பைற் போகும். 21 பைற்றுக்கு 7 மில்லிசெக்கன்கூட ஆகாது, ஆகவே ராகத்துக்கு ராகம் அனுப்பிக்கொண்டே வாசிக்கலாம். போகவில்லை என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். இயந்திரத்தில் சிஸ்எக்ஸ் (இந்த வகை மிடிச் செய்தியின் பெயர்) வாங்கும் அமைப்பு மூடியிருக்கும், அல்லது மெமரி புறொடெக்ட் பூட்டியிருக்கும், அல்லது மலிவான யூஎஸ்பி–மிடி கேபிள் செய்தியை இடையில் வெட்டிவிடும். மூன்றாவதுதான் அதிகம். சுரங்கள் ஒழுங்காகப் போய்ச் சிஸ்எக்ஸ் மட்டும் போகாவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

128 கீக்கும் தனித்தனி எண் கேட்கும் இயந்திரங்களுக்கு 408 பைற் கொண்ட முழு அட்டவணை போக வேண்டும். அங்கே ஒவ்வொரு கீக்கும் மூன்று பைற்: முதலாவது அரைச்சுர எண், மற்ற இரண்டும் சேர்ந்து 100 சென்றை 16384 பங்காக்கிய பின்னம். நடு ஷட்ஜத்தின் மிடி இலக்கம் 60 என்றால் க3 இன் இடம் 63.86314. பின்னம் 14142. அதை 128 ஆல் வகுத்தால் 110, மீதி 62. ஆகவே 63 110 62. இதைக் கையால் 128 தடவை செய்ய யாரும் பிறக்கவில்லை. ஸ்காலா என்ற இலவச மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. அதன் கோப்பு வடிவத்தைக் கோர்க் மினிலோக் எக்ஸ்டி போன்றவற்றின் கணினி மென்பொருளும் வாங்கும். அதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று: தசமப் புள்ளி உள்ள எண்ணைச் சென்ற் என்றும், புள்ளி இல்லாததை விகிதம் என்றும் அது எடுத்துக்கொள்ளும். 386.0 என்று எழுதாமல் 386 என்று எழுதினால் ஷட்ஜத்தின் 386 மடங்கு என்று வாசித்து, காந்தாரத்தை எட்டு ஸ்தாயிக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிடும். ஷட்ஜத்தை எழுதக்கூடாது, அது தானாக உண்டு. கடைசி வரியில் 2/1 கட்டாயம் இருக்க வேண்டும்.

எந்த இயந்திரம் வாங்கலாம் என்று கேட்டால்: யமாஹாவின் 1983 டிஎக்ஸ்7 இல் இந்த வசதி இல்லை. 1987 இல் வந்த இரண்டாம் வகையில் உண்டு, ஸ்தாயிக்கு 1024 படி, ஒரு படி 1.17 சென்ற். அதே ஆண்டின் ரிஎக்ஸ்81இஸட் 768 படி, ஒரு படி 1.56 சென்ற். அந்தப் படிக்குள் க3 அதிகபட்சம் 0.8 சென்ற் தவறும், ஏறத்தாழ இரண்டு செக்கனுக்கு ஓர் அடிப்பு. தாராளமாகப் பொறுக்கலாம். கோர்க் ரைற்றனில் ஒவ்வொரு கீக்கும் −99 முதல் +99 வரை. மொனோலோக்கிலும் மினிலோக் எக்ஸ்டியிலும் ஸ்தாயி அட்டவணை ஆறு, முழு அட்டவணை ஆறு சேமிக்கலாம். ஆறு ராகக் குடும்பத்துக்கு அது போதும். ஆனால் கோர்க்கில் புறோகிராம் ஒன்றைச் சேமிக்கும்போது அட்டவணையின் இலக்கம் மட்டுமே சேமிக்கப்படும், அட்டவணை அல்ல. 1ஆம் அட்டவணையை யாராவது மாற்றி எழுதினால் அதை நம்பியிருந்த எல்லாச் சத்தமும் மாறிவிடும்.

பிச் பென்ட் சில்லை வைத்துக் கமகம் வாசிப்பவர்களுக்கு அட்டவணை புதுத் தலையிடி ஒன்றைக் கொண்டுவரும். வீச்சை ஓர் அரைச்சுரமாக வைத்து, க3 இலிருந்து சில்லை முட்டத் தள்ளி ம1 ஐத் தொடுவது பலரின் பழக்கம். சம பங்கீட்டில் அது சரி. இப்போது க3 386 இல் நிற்கிறது. முட்டத் தள்ளினால் 486, ம1 இருப்பதோ 498 இல். 12 சென்ற் குறைவாக, மத்யமம் மூச்சுத் திணறும். வீச்சை 2 அரைச்சுரமாக்கி, முட்டும் இடத்தை நம்பாமல் காதை நம்பித் தள்ளப் பழக வேண்டும். கைக்குப் பழகச் சில கிழமை எடுக்கும். அட்டவணையின் பலன் நின்றொலிக்கும் சுரத்தில்தான், சுரத்துக்குச் சுரம் போகும் பாதையை அது தராது.

கோயில் திருவிழா இரவில் பக்திப்பாடல் கோஷ்டியோடு வாசிப்பதென்றால் எல்லாவற்றையும் சம பங்கீட்டுக்கே திருப்பிவிடுங்கள். பக்கத்தில் கிற்றார் இருக்கும், அதன் கம்பிக்கட்டு சம பங்கீட்டில் அடித்தது. இரண்டாவது ஓகனும் இருக்கலாம். உங்கள் காந்தாரம் மட்டும் 14 சென்ற் இறங்கி நின்றால் சனம் உங்களைத்தான் பிழை என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

கடைசியாகச் சாமான் பராமரிப்பு. பழைய இயந்திரங்களில் யூசர் அட்டவணையைப் பிடித்துவைப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன லிதியம் பற்றரி. அது இறந்தால் அட்டவணையும் சத்தமும் சேர்ந்து போய்விடும். வாங்கியவுடன் சிஸ்எக்ஸ் கோப்பாகக் கணினியில் எடுத்து வையுங்கள். ரொறன்ரோவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரத்தின் அடப்ரர் 120 வோல்ற்றுக்கு மட்டும் உரியதா என்று செருகுமுன் வாசியுங்கள். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். புது அடப்ரர் எடுக்கும்போது வோல்ற்றோடு மைய முனை நேரா மறையா என்பதையும் இயந்திரத்தின் பின்பக்கப் படத்தில் பார்த்து எடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று மிடி சொக்கற்றின் ஊசிகளைப் பச்சையாக்கிவிடும். சிஸ்எக்ஸ் ஒரு நாள் போய் ஒரு நாள் போகாததற்கு அதுவும் காரணமாகலாம். கொன்ராக்ற் கிளீனர் ஒரு விசிறல் விசிறி, பிளக்கை நாலைந்து தடவை செருகிக் கழற்றிப் பாருங்கள். ராகம், கட்டை, மாஸ்ரர் ரியூன், பன்னிரண்டு எண் இவற்றைத் தாளில் எழுதி இயந்திரத்தின் அடியில் ஒட்டி வைப்பதும் நல்லது. நடு மேடையில் கரண்ட் போய் வரும்போது கணினியைத் திறந்துகொண்டிருக்க முடியாது.